தம்பியின் இருக்கை

தம்பி திருச்சியில் இறங்கிவிட்டான் என்பது எங்களுக்குக் கஜந்தினியின் மணிக்கட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது பத்து. கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா. திங்கட்கிழமை காலையில் போனவரைப் பிள்ளை வரட்டும் என்று இரண்டு நாளாக வைத்திருந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியைக் கஜந்தினி காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தனசேகரன் பெரியப்பாவிடம் கோப்பையை நீட்டும்போது அவள் கையிலிருந்த பட்டையில் பச்சை அணைந்து மஞ்சள் எரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். அழுதழுது சிவந்திருந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

"அக்கா, தம்பி வந்திட்டார்" என்றாள் என்னிடம். "அம்மாட்டச் சொல்லுங்கோ."

பெரியப்பா விடவில்லை. "அது என்ன கையில மஞ்சளா எரியுது? நீ அந்த ஆபீஸ்லதானே வேலை பாக்குற, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார்.

அறந்தாங்கி குடியிருப்புப் பதிவகத்தில் பதினெட்டு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு இதைச் சொல்கிறேன். சாவு வீட்டிலுமா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நம்ம நாட்டுல இத்தனை பேர்தான் இருக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு பெரியப்பா. எழிலன் நார்வே போனதும் அவன் இருக்கை காலி. வெளியில இருந்து ஒருத்தர் வந்து அதுல உக்காரலாம். அவன் திரும்பி வந்தா உக்காந்தவங்க எந்திரிக்கணும்."

"உடனேவா?"

"லீவுல வந்துட்டுப் போறவங்களுக்காகப் பதினஞ்சு நாள் விட்டுவைப்பாங்க. அதுவரைக்கும் மஞ்சள். அது முடிஞ்ச நிமிஷம் சிவப்பு."

"சிவப்பானா?"

"சட்டவிரோதம். மூணு நாளுக்குள்ள முகாமுக்குப் போயிரணும்."

"அந்தப் புள்ள ஒரு தப்பும் பண்ணலையேம்மா!"

"தப்பு பண்ணணும்னு இல்ல" என்றேன், அலுவலகக் குரலில். அந்தக் குரல் எனக்கே பிடிக்காது. ஆனால் அது இல்லாமல் அந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார முடியாது.

இந்தச் சட்டம் வருவதற்கு முன் இருபது வருடம் தொலைக்காட்சியில் கத்தினார்கள். வருகிறவர்களே வேண்டாம் என்றார்கள் பாதிப் பேர். வரட்டும் என்றார்கள் மீதிப் பேர். இருக்கைச் சட்டம் வந்ததும் இரண்டு பக்கமும் ஓய்ந்தது. கூட்டம் கூடவில்லை என்று அவர்களுக்குத் திருப்தி, கதவு திறந்திருக்கிறது என்று இவர்களுக்குத் திருப்தி. முக்கால்வாசி நாடுகள் கையெழுத்துப் போட்டுவிட்டன. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை எல்லைக் கதவுகள் எண்ணும். போனவரையும் வருகிறவரையும் கணக்குப்பொறி சோடி சேர்க்கும். லஞ்சம் இல்லை, சிபாரிசு இல்லை. நானும் அதை நியாயமான சட்டம் என்றே நினைத்தேன். 'வரிசையில வந்தவங்களுக்குப் பயம் இல்ல' என்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நம்பித்தான் சொன்னேன்.

கஜந்தினி வரிசையில் வந்தவள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு சின்னத் தீவில் பிறந்தவள். கடல் ஏறி ஏறி அங்கே கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. ஏழு வருடம் முகாமில் காத்திருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால் அந்த இருக்கைக்கு ஆளைக் குடும்பமே கேட்கலாம் என்ற விதியைக் காட்டி, மனு எழுதி அவளைக் கொண்டுவந்தது நான்தான். அன்றிலிருந்து அப்பாவைக் குளிப்பாட்டியதும், ஊட்டியதும், புரட்டிப் போட்டதும் அவள். நான் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனேன்.

எழிலன் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தான். முப்பத்தாறு வயதுக்கு அதிகமாகவே நரைத்திருந்தான். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மூன்று மணிக்கு மின்மயானத்தில் கொள்ளி வைத்தான்.

திரும்பி வந்து குளித்துவிட்டு உறவெல்லாம் கலைந்தபோது ஒரு சின்ன ரகளை. என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், சென்னைக்காரி, கிளம்பும்போது பழக்கதோஷத்தில் "வர்றேன் மேடம்" என்றுவிட்டாள். பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"எழவு வீட்டுல வர்றேன்னு சொல்லுவியாம்மா? மறுபடி ஒரு எழவுக்கு வர்றேன்னு அர்த்தம். காரியம் முடியுற வரைக்கும் சொல்லாமக் கொள்ளாமத்தான் போகணும், ஆமா."

அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், சொல்லாமல் கொள்ளாமல் ஓடினாள். அழுது வீங்கிய முகத்தோடு அம்மாகூட லேசாகச் சிரித்தாள்.

மறுநாள் காரியத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்தோம். அங்கேதான் வந்தது வினை.

பெரியப்பா கொள்ளி வைத்த நாளை முதல் நாளாக எண்ணினார். புதனிலிருந்து எண்ணினால் பதினாறாம் நாள் வியாழக்கிழமை. நான் விரல் விட்டுப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்குத்தான் எழிலனின் பதினைந்து நாள் முடிகிறது. அவன் குளக்கரையில் பிண்டம் வைத்துக்கொண்டிருக்கும்போது கஜந்தினியின் பட்டை சிவப்பாகிவிடும்.

"செத்த நாள்ல இருந்துதான் எண்ணணும்" என்றேன். "திங்கக்கிழமையில இருந்து எண்ணுனா செவ்வாய்க்கிழமை பதினாறு. அவன் புதன்கிழமை பிளேன் ஏறிரலாம்."

"செவ்வாய்க்கிழமை யாராச்சும் காரியம் பண்ணுவானா? அதோட, கொள்ளி வச்சவனுக்குத்தான் நாள் கணக்கு. நம்ம வகையில அப்படித்தான்."

"சித்தப்பாவுக்குச் செத்த நாள்ல இருந்துதானே எண்ணுனீங்க?"

"அவன் அன்னைக்கே எரிஞ்சான்!"

அவர் சொன்னதும் சரிதான். பிறகு பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். கஜந்தினி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லல. தங்கமான புள்ள. ஆனா பாரு, வந்தவங்களுக்காக நம்ம வீட்டுப் பிள்ளைய, அப்பன் காரியத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடுன்னு விரட்டுறது என்ன நியாயம்? இது அவன் வீடு. அவன் மண்ணு. அவன் எத்தனை நாள் இருக்கணும்னு அவதான் தீர்மானிக்கணுமா?"

"நீங்க மஸ்கட்ல விசா முடிஞ்சு ரெண்டு வருஷம் லாரி ஓட்டுனப்ப இந்த நியாயம் எங்க போச்சு பெரியப்பா?"

"அது வயித்துப்பாடு" என்றார் சட்டென்று. பிறகு தானே வாயை மூடிக்கொண்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

எழிலன் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியப்பா சொல்றபடி வியாழக்கிழமையே வைக்கலாம்" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான்கு வருடமாக உன் இடத்தில் உட்கார்ந்து உன் அப்பாவுக்கு மலம் அள்ளியவளுக்கு இரண்டு நாள் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பேசினாள்.

"உசுரு போன நாளு எதுன்னு பக்கத்துல இருந்த எனக்குத் தெரியாதா? திங்கக்கிழமை. கைய நான் ஒரு பக்கம் புடிச்சிருந்தேன், கஜந்தினி ஒரு பக்கம் புடிச்சிருந்தா. நீங்க யாரும் இல்ல. செவ்வாய்க்கிழமை காரியம். அவ்வளவுதான்."

பெரியப்பா நாட்காட்டியை மடக்கி வைத்தார்.

அதற்குப் பிறகான நாட்களில் எழிலன் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "இங்கேயே இருந்துரேன்டா" என்பாள். சொன்ன வாயோடு கஜந்தினியைப் பார்த்துவிட்டு, "போறதுன்னா போ" என்பாள். இரண்டையும் உண்மையாகத்தான் சொன்னாள். கஜந்தினி முதல் நாளே தன் பையைக் கட்டி வைத்துவிட்டாள் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. பீரோவுக்குப் பின்னால் துடைப்பத்தைத் தேடும்போது பார்த்தேன். நாலு சேலை, ஒரு போர்வை, அப்பாவின் பழைய ரேடியோ.

"ஐயா தந்தவர்" என்றாள். "வேண்டாமெண்டா வச்சிட்டுப் போறன் அக்கா."

"யாரு உங்களைப் போகச் சொன்னது? காரியம் செவ்வாய்க்கிழமை. எழிலன் புதன்கிழமை போயிருவான்."

"அவரின்ர வீடல்லோ அக்கா. அவர் நிக்கிறதெண்டா நிக்கட்டும். எனக்கு முகாம் புதுசில்ல." கொஞ்சம் நின்று, "தண்ணிக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்" என்றாள்.

அன்று பிற்பகல் எழிலன் அவளிடம் அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றிக் கேட்டான். நானும் இருந்தேன். மருந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் சொன்னாள். பிறகு தயங்கினாள்.

"தம்பி, உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும். குறை நினையாதேங்கோ. ஐயாவுக்குக் கடைசியில ஆளடையாளம் தெரியேல்ல. ஒவ்வொரு நாளும் பின்னேரம், 'எழிலு வந்துட்டானா, எழிலு வந்துட்டானா' எண்டு கேப்பார். முதல்ல 'இல்ல ஐயா, வருவார்' எண்டுதான் சொன்னனான். அப்பிடிச் சொன்னா அழுவார். பிறகு 'வந்திட்டன் அப்பா, இஞ்சதான் நிக்கிறன்' எண்டு சொல்லத் தொடங்கினன். கையைப் பிடிச்சுக்கொண்டு நித்திரையாகிடுவார். ஒவ்வொரு நாளும் பொய்தான் சொன்னனான்."

எழிலன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். முருங்கை மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். கஜந்தினி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "கோவிச்சிட்டாரோ?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காரியம் நல்லபடியாக முடிந்தது. எழிலன் மொட்டை போட்டு, குளத்தில் முழுகி, எல்லாம் செய்தான். செவ்வாய்க்கிழமை என்று முணுமுணுத்த பெரியப்பாவே முன்னால் நின்று பந்தி விசாரித்தார். சாப்பாடு முடிந்ததும் நான் அலுவலகக் கருவியைத் திறந்து எழிலனின் பயணப் பதிவைப் பார்த்தேன். புதன்கிழமைக்கு எதுவும் இல்லை. வியாழனுக்கும் இல்லை. திரும்பிப் போக அவன் சீட்டே எடுக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். வெயிலில் அவன் மொட்டைத்தலை பளபளத்தது. இன்னொரு நேரமாக இருந்தால் கேலி செய்திருப்பேன்.

"டிக்கெட் எங்கடா?"

"எடுக்கல."

"ஏன்?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "போறதுக்கு இடமில்லக்கா."

பெர்கன் நகரத்தில் அவன் உட்கார்ந்திருந்த இருக்கை இங்ரிட் என்ற ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. வெயிலுக்காக ஸ்பெயினில் போய் இருந்தவர். கணவர் இறந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டார். அப்பா போவதற்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, எழிலனின் பட்டை சிவந்திருக்கிறது. சொந்த நாட்டுக்குள் பட்டை எரியாது என்பதால் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

"அவங்க என்னைப் பாக்க வந்தாங்கக்கா. மன்னிச்சிருங்கன்னு கையைப் புடிச்சு அழுதாங்க. எனக்கு அவங்க மேல கோவமே வரல. அவங்க ஊரு, அவங்க எங்க போவாங்க? அந்த ஊர்ல முப்பது நாள் தவணை தர்றாங்க, சாமான் எடுக்க, ஒழுங்கு பண்ண. அதுக்குள்ள அப்பா போயிட்டாரு. சரி, இனி இங்கதான்னு நினைச்சுத்தான் வந்தேன். வீட்டுல நுழையுறேன், கஜந்திக்கா மஞ்சள் பட்டையோட காபி குடுக்குறாங்க."

அதனால்தான் வியாழக்கிழமை என்றாயா என்று கேட்டேன்.

"சொல்றதுக்கு ரெண்டு நாள் கூடக் கிடைக்கும்னு பாத்தேன். வாய் வரல."

என் அத்தனை கோபமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"இருந்துரு" என்றேன். "நீ இந்த ஊர்ப் பிள்ளை. உன்னைப் போன்னு சொல்ல எவனுக்கும் உரிமை இல்ல. கஜந்தினிக்கு நான் மனு எழுதுறேன். வேற இருக்கை கேட்போம்."

"இது மாதிரி எத்தனை மனு எழுதியிருக்கே?"

"நானூறு இருக்கும்."

"எத்தனை பேர் முகாம்ல இருந்து திரும்பி வந்தாங்க?"

நான் கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னேன். எழிலன் விடாமல் என்னையே பார்த்தான்.

"ரெண்டு பேர்" என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு கேட்டான்: "நான் அங்க சட்டப்படி இருக்கேனா இல்லையான்னு உங்க கணக்குப்பொறிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அது அந்த நாட்டுக் கணக்கு. நீ இங்க இல்லைன்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் எதற்காகக் கேட்டான் என்பது எனக்கு உறைத்தது. டீ கையில் சுட்டது.

"எழிலு, வேண்டாம்."

"இன்னும் பன்னெண்டு நாள் தவணை இருக்கு. உள்ள நுழைய விடுவாங்க. அப்புறம் மீன் வெட்டுற கொட்டகையில எவனும் பட்டையப் பாக்க மாட்டான். அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, சிவப்புப் பட்டையோட எட்டு வருஷமா. கஜந்திக்கா வந்து நாலு வருஷமாச்சு. பத்து வருஷம் ஆனா அவங்களுக்குச் சொந்த இருக்கைதானே?"

"ஆமா. இன்னும் ஆறு வருஷம்."

"ஆறு வருஷம் நான் இந்தப் பக்கம் தலைகாட்டாம இருந்தாப் போதும்."

"இருந்தாப் போதுமா? தவணை முடிஞ்சப்புறம் அங்க இருந்து வெளிய வந்தா, நம்ம நாட்டைத் தவிர மறுபடி எந்த நாட்டுக்குள்ளயும் விட மாட்டாங்க. லீவுக்குக்கூட வந்துட்டுப் போக முடியாது. ஜுரம்னு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. போலீஸைப் பாத்தா ஓடணும். உனக்கு வீடு இருக்குடா. சட்டப்படி இருக்க ஒரே இடம் உனக்கு இதுதான். எவளோ ஒருத்திக்காக…"

சொல்லிவிட்டேன். 'எவளோ ஒருத்தி' என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்திருந்தவளை.

எழிலன் கோபப்படவில்லை. "எனக்கு இந்த வீடு இருக்குக்கா. எப்ப வேணாலும் வரலாம், அது எங்கயும் போயிராது. நான் இங்க உக்காந்தா அவங்களுக்கு எங்கயுமே இல்ல. தினமும் 'வந்துட்டேன் அப்பா'ன்னு என் பேர்ல பதில் சொன்னவங்க. நான் வந்து இறங்கி அவங்கள முகாமுக்கு அனுப்புனா, அப்புறம் அந்த வீட்டுல நான் எப்படிச் சோறு திம்பேன்?"

கடைசியாக ஒன்றைச் சொல்லி அவனைத் தடுக்கப் பார்த்தேன். "அம்மாவுக்கு எழுபத்தொண்ணு ஆகுது. ஆறு வருஷத்துல ஏதாவது ஆச்சுன்னா?"

புதுக்கோட்டைப் பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அப்ப நீ கொள்ளி வச்சுரு" என்றான்.

இரண்டு பேரும் அந்த டீக்கடையில் உட்கார்ந்து அழுதோம். கடைக்காரர் சாவு வீட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். நினைத்ததில் தவறில்லை. அம்மாவிடமும் கஜந்தினியிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். தெரிந்தால் கஜந்தினி அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

புதன்கிழமை பிற்பகல் விமானத்துக்குச் சீட்டு எடுத்தோம். நான் அன்று காலை வேலைக்குப் போனேன். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் மேசை முன்னால் வந்து நின்றது. குடும்பத் தலைவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "நாங்க முறைப்படி பதிஞ்சு வந்தவங்கம்மா, எங்களுக்குப் பிரச்சினை இருக்காதுல்ல?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக வாயில் தயாராக இருந்த பதில் அன்று வரவில்லை. படிவத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டினேன்.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் கார் நின்றது. கஜந்தினி மிளகாய்த் தூளும் புளியோதரையும் கட்டி அவன் பையில் வைத்தாள். பெரியப்பா அவனைக் கட்டிப் பிடித்து, "அடுத்த தடவை ஒரு மாசம் லீவு போட்டுட்டு வாடா, இந்தப் பதினஞ்சு நாள் கணக்கெல்லாம் ஒத்து வராது" என்றார். எழிலன் சிரித்தான்.

அம்மாவின் காலில் விழுந்து எழுந்தான். எழுந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்து காரில் ஏறினான்.

"ஏன்டா, காரியம்தான் முடிஞ்சிருச்சே" என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். "இனிச் சொல்லலாம்டா. போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனா வாய் வலிக்குமா?"

கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அவன் கையை மட்டும் ஆட்டினான். கஜந்தினி தெருமுனை வரை ஓடிப்போய், "போயிட்டு வாங்கோ தம்பி!" என்று குரல் கொடுத்தாள்.

"பதினாறு நாளாச் சொல்லாமலே இருந்து பழகிருச்சு போல" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். பெரியப்பாதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நாலு இருபதுக்குக் கஜந்தினியின் பட்டை பச்சையானது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு ஓடிவந்து காட்டினாள். பதினைந்து நாளாக மூடி வைத்திருந்த மணிக்கட்டை அவள் வெளிச்சத்தில் நீட்டியதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

"தம்பி ஏறிட்டார் அக்கா." பிறகு குரலைத் தாழ்த்தி, "தலைத்திவசத்துக்கு வருவார்தானே? வர வேணும் அக்கா. எனக்காகப் பாக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. மஞ்சளானா ஆகட்டும், பதினஞ்சு நாளைக்குத்தானே. அம்மா பாவம்" என்றாள்.

உள்ளே கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எழிலு எப்ப வருவானாம்? கேட்டியா அவன்கிட்ட?"

பதினெட்டு வருடமாக என் மேசையில் நான் ஒரு பொய் சொன்னதில்லை. பலருக்கு உண்மை கசந்திருக்கிறது, ஆனாலும் பொய் சொன்னதில்லை.

"அடுத்த வருஷம் வந்துருவான்மா" என்றேன்.